நாலாம் நம்பரில் ஏறியவர்

எங்கள் கேப்டனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் இந்த ஊரில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். வண்டியின் முள் நாற்பதைத் தொட்டால் போதும், மனிதர் கத்த ஆரம்பித்துவிடுவார். எதிரே ஒரு சைக்கிள் வந்தால் "பிரேக்கு, பிரேக்கு, அட பிரேக்கைப் போடும்மா!" என்று அலறுவார். ஒரு காலத்தில் சத்தத்தை முந்திக்கொண்டு பறந்த ஆள் இவர்தானா என்று கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதாவது ஒரு போல்ட்டை முறுக்குவேன்.

நான் அந்தப் பயிற்சிப் பள்ளியின் மெக்கானிக். அதற்கு முன்னால் விமானப்படையில் அவருடைய சண்டை விமானத்துக்கு பிட்டர். இன்ஜினைப் பார்த்துக்கொள்வது, விமானியை இருக்கையில் உட்கார வைத்து வார் பூட்டுவது, ஏணியை இழுப்பது, இவ்வளவுதான் என் வேலை. இன்றுவரை "யோவ் பிட்டர்" என்றுதான் கூப்பிடுகிறார். என் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம்.

பள்ளி என்றால் இரண்டு அறை. முன்னறையில் ஒரு மேஜை, சாலைக் குறிகள் அச்சடித்த அட்டை, கால் ஆடுகிற நாலு நாற்காலி. மேஜைக்குப் பின்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பதக்கம். பக்கத்திலேயே, அதைக் கொடுத்த அன்று வாசித்த பாராட்டுரை. இரண்டு எதிரி விமானங்களைத் தனி ஆளாக வீழ்த்தினார், அடிபட்ட விமானத்தைத் தளத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார் என்று பதினொரு வரி. கேப்டன் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். பார்த்தவர்கள் அடக்கம் என்றார்கள். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது. அதைப் பார்க்க அவருக்குக் கூசியது. அந்தப் பதினொரு வரியில் ஒரு வரிகூட அவர் செய்தது இல்லை.

இதைச் சொல்ல எனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. இனிமேல் சொல்லி யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. தெரிந்தேதான் சொல்கிறேன்.

விமானத்தை எடுக்கிற ஒவ்வொரு முறையும் விமானி பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எந்த விமானம், யார் எடுக்கிறார், எத்தனை மணிக்கு. விமானத்துக்கு ஒரு பதிவேடு. சண்டைக் காலத்தில் சங்கு ஊதினால் இரண்டு நிமிஷத்தில் மேலே கிளம்பியாக வேண்டும், அப்போது எவன் பேனாவைத் தேடுவான்? அதனால் நாங்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். காலையில் டீ குடிக்கும்போதே அன்றைக்கு யாருக்கு எந்த விமானம் என்று முடிவு பண்ணி, கையெழுத்தை வாங்கி வைத்துவிடுவோம். திரும்பி வந்ததும் கீழே பிட்டர் கையெழுத்து. எல்லாத் தளத்திலும் இதே கூத்துதான். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அந்தச் சண்டை நடந்த அன்றைக்கு நாலாம் நம்பர் பதிவேட்டில் கேப்டன் கையெழுத்து. ஒன்பதாம் நம்பரில் நெட்டை சார் கையெழுத்து. நெட்டை சார் என்பது நாங்கள் வைத்த பெயர். இருபத்து மூன்று வயது, ஆறடிக்கு மேல் உயரம். அவரை இருக்கையில் மடக்கி உட்கார வைப்பதற்குள் எங்கள் இடுப்பு கழன்றுவிடும். "முட்டியைக் கழட்டி உங்கக்கிட்ட குடுத்துட்டு ஏறட்டுமா அண்ணே?" என்று அவரே கேட்பார். அதிகாரிகளில் எங்களை அண்ணே என்று கூப்பிட்டது அவர் ஒருத்தர்தான்.

காலை பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. கேப்டன் ஓடிவந்து நாலில் ஏறினார். வார் பூட்டினேன். இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி போட்டார், உறுமிவிட்டு அணைந்தது. அவர் வாரைப் பிய்த்துக்கொண்டு குதித்து, ஒன்பதின் ஏணியில் ஒரு கால் வைத்திருந்த நெட்டை சாரைத் தள்ளிவிட்டு அதில் ஏறிவிட்டார். அணிக்குத் தலைவர் அவர், முதலில் மேலே போக வேண்டியவரும் அவர்தான். அதில் தப்புச் சொல்ல மாட்டேன். நெட்டை சார் தரையில் நின்று என்னைப் பார்த்தார். நாலாம் நம்பரின் குணம் எனக்குத் தெரியும். இன்ஜின் மூடியைத் திறந்து ஸ்டார்ட்டர் மேல் ஸ்பேனரால் ஓங்கி ரெண்டு தட்டுத் தட்டினேன். பிடித்துக்கொண்டது. "ஏறுங்க சார்!" என்றேன். ஏறினார். அவர் முட்டிக்காக இருக்கையைக் கடைசிப் பல் வரை நான்தான் இறக்கினேன். என் கையால்தான் வார் பூட்டினேன்.

நாற்பது நிமிஷம் கழித்து நாலாம் நம்பர் மட்டும் வந்தது. இடது இறக்கையில் என் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓடுதளத்தின் கடைசி வரை உருண்டு நின்றது. நானும் இரண்டு உதவியாளர்களும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். விமானியின் கண்ணாடி மூடியைத் திறந்தால் இருக்கை முழுக்க ரத்தம். நெட்டை சார் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு விமானம் என்று எனக்குப் புரிந்தது. கீழே இறக்குவதற்குள் போய்விட்டார்.

கேப்டன் பத்து மைல் தள்ளி ஒரு சின்ன ஓடுதளத்தில் இறங்கியிருந்தார். சாயங்காலம் ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்பதாம் நம்பரில் ஒரு கீறல் இல்லை. துப்பாக்கியில் ஒரு குண்டு குறையவில்லை. கொட்டகைக்குப் பின்னால் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்.

"துப்பாக்கி சிக்கிடுச்சுன்னு சொல்லிட்டு வந்தேன்யா. ஒண்ணும் சிக்கலை. எதிரே நாலு பேரைப் பார்த்தேன். கை நடுங்கிடுச்சு. தொண்டை காய்ஞ்சு போச்சு. திருப்பிட்டேன். பின்னாடி அந்தப் பையன் வர்றான்னு தெரிஞ்சும் திருப்பிட்டேன்."

அந்த நிமிஷம் அவரை வெறுத்திருக்க வேண்டும். எனக்கு வெறுப்பு வரவில்லை. பாவமாக இருந்தது, அதுதான் வினை.

சண்டை விமானத்தில் துப்பாக்கியோடு சேர்ந்து ஒரு கேமரா ஓடும். விசையை அழுத்தினால் படமும் பிடிக்கும். நாலாம் நம்பரின் படச்சுருள் தலைமையகத்துக்குப் போயிற்று. அங்கே கழுவிப் பார்த்தார்கள். இரண்டு விமானம் தீப்பற்றி விழுவது கண்ணாடி மாதிரித் தெரிகிறது. யார் ஓட்டியது என்று பதிவேட்டைக் கேட்டார்கள். பதிவேடு கேப்டன் என்றது. ஊர் முழுக்கக் குண்டு விழுந்து ஜனங்கள் கதிகலங்கிக் கிடந்த நேரம், ஒரு நல்ல செய்தி கிடைக்காதா என்று காத்திருந்தவர்கள் அன்று மாலையே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஒன்பதாம் நம்பர் பாதியில் திரும்பியது என்று கட்டுப்பாட்டு அறையில் எழுதியிருந்தது. ஒன்பதில் யார்? பதிவேடு நெட்டை சார் என்றது. "போரிடாமல் திரும்பினார். திரும்பும் வழியில் நம் தரைத் துப்பாக்கிகளால் தவறுதலாகச் சுடப்பட்டு இறந்தார்" என்று அவர் கோப்பில் எழுதி மூடிவிட்டார்கள். ஒன்பதில் ஒரு கீறல்கூட இல்லையே என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

கேப்டன் தளபதியிடம் போனார். அது பொய் இல்லை, நானும் கூடப் போனேன். தளபதி எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ரேடியோவில சொன்னதைத் திருப்பி வாங்க முடியுமா? செத்தவனுக்குப் பதக்கம் குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன? நாளைக்கு எவனாவது மேல போகணும்யா!" என்றார். பிறகு நாலாம் நம்பர் பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "உன் கையெழுத்து பாக்கி இருக்கு" என்றார். கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போட்டேன். மறுநாள் காலை தளத்தில் குண்டு விழுந்தது. என்னோடு ஏணி தூக்கிய இருவரும் போனார்கள், நாலாம் நம்பரும் எரிந்து போயிற்று. அந்தத் தளபதியும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம். நான் பார்த்திருக்கிறேன்.

படையை விட்டு வந்த பிறகு கேப்டன் இந்தப் பள்ளியைத் தொடங்கி என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். ஊருக்கெல்லாம் வீரர். எனக்கு முன்னால் மட்டும்தான் அவர் அவராக இருந்தார். அதற்காகத்தான் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். முதல் பத்து வருஷம் அந்தப் பையனைப் பற்றிப் பேசாத வாரம் கிடையாது. "இதைச் சரி பண்ணணும்யா. இந்த வருஷம் எழுதிடுறேன்" என்பார். எழுதுவார். கிழிப்பார். மறுவருஷம் என்பார். நானும் சரி சார் என்பேன். என் மனைவிக்கு விஷயம் தெரியும். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தூங்க வெச்சுக்கிறீங்க" என்பாள். பட்டென்று சொல்லிவிடுவாள், அவள் வாய் அப்படி.

பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். "கடமையைச் செய்தோம். எல்லாரும் நல்லாப் படிங்க." அவ்வளவுதான். அவர் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. "இவ்வளவு தூரம் கூப்பிட்டிருக்காங்க, நாலு வார்த்தை நல்லாப் பேசக்கூடாதா? நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்று என்னிடம் குறைப்பட்டார். அவருக்காகக் கேப்டன் சுவரில் இருந்த பாராட்டுரையை அப்படியே சொல்ல ஆரம்பித்தார். மனப்பாடம் பண்ணின பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல். எனக்கு அது பரவாயில்லை என்று தோன்றியது. பொய்யை வாசிக்கிறார், நம்பவில்லையே.

வருஷம் போகப் போகக் கையை ஆட்டினார். பிறகு வெயில் கண்ணில் அடித்தது என்றார். எண்ணெய் முள் இறங்கியது என்றார். ஒருநாள் மேடையில், "இடது இறக்கையில ஒரு ஓட்டை. என் பிட்டரோட தலையே உள்ள நுழையும்!" என்று சொல்லி என்னைக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த ஓட்டையை அவர் பார்த்ததே இல்லை. நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். வெளியே வந்ததும் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்கவில்லை. அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தார், எதற்குக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அந்தப் பையனைப் பற்றிய பேச்சு எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நின்றது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

போன வருஷம் ஒரு அம்மா பள்ளிக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்து வந்திருந்தார். தையல்கடை வைத்திருக்கிறாராம். வண்டி கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று படிவத்தை எடுத்தேன்.

"அதுக்கு இல்லைங்கய்யா. கேப்டனைப் பார்க்கணும். அவர் கூடப் பறந்த ஒருத்தர், ரொம்ப உயரமா இருப்பாரு. நான் அவரோட தங்கச்சி."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நெற்றி அதே நெற்றி.

அண்ணனின் கோப்பில் உள்ள "போரிடாமல் திரும்பினார்" என்ற வரியை எடுக்கச் சொல்லி வருஷா வருஷம் மனுப் போட்டு வந்திருக்கிறார். அவரிடம் ஒரு ஆதாரமும் கிடையாது. "எங்க அண்ணன் ஓடி வர்ற ஆளு இல்லைங்க. அது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்" என்றார். தெருவில் அவர்கள் வீட்டுக்கு ஓடிவந்தவன் வீடு என்று பெயர். அதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி கிடைக்குமா? அவரைப் பெற்றவர் கடைசி வரை சாமான் வாங்கப் பக்கத்துத் தெருவுக்குத்தான் போவாராம். இப்போது விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அணித் தலைவர் நேரில் வந்து சொன்னால் பரிசீலிப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

நடுவில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்ட கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வர்றேன்மா. அந்தப் பையனுக்காக நான் வந்து சொல்றேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மனைவியிடம் சொன்னேன். "கடைசியில வாயைத் திறக்கப் போறாருடி" என்றேன். அவள், "திறந்த பிறகு சொல்லுங்க" என்றாள்.

விசாரணை ஒரு அரசு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில். நீள மேஜை, அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், தட்டச்சு செய்ய ஒரு பெண். அந்த அம்மா சுவரோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழுத் தலைவர் கேப்டனைக் கண்டதும் எழுந்து கை கொடுத்தார். சின்ன வயதில் அவர் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் கேட்டவராம்.

கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "அன்னைக்குக் காலையில பதினோரு மணி. சங்கு ஊதினதும் நான் நாலாம் நம்பர்ல ஏறினேன்."

ஏறி இறங்கியதைச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். இறங்கவே இல்லை. நாலிலேயே மேலே போனார். வெயில் கண்ணில் அடித்தது, எண்ணெய் முள் இறங்கியது, இரண்டு விமானம் எரிந்து விழுந்தது, இறக்கையில் ஓட்டை. பழக்கத்தில் வருகிறது, முடித்துவிட்டு உண்மைக்கு வருவார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி திரும்பிப் போனது நிஜம்தான். ஆனா அவன் கோழை இல்லை. இருபத்து மூணு வயசு. எதிரே நாலு பேரு. கை நடுங்கிடும். தொண்டை காய்ஞ்சு போயிடும். யாரா இருந்தாலும் அப்படித்தான். அவன் மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நான் அவனை என்னைக்கோ மன்னிச்சிட்டேன். நீங்களும் அந்த வரியைக் கொஞ்சம் இரக்கத்தோட மாத்தி எழுதணும்னு கேட்டுக்கிறேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும், அவரோடு எத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். அது பொய் சொல்கிற முகமே இல்லை. மனதார அந்தப் பையனுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்துவிட்டேன். என்ன பேசினேன் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கத்தினேன். "ஐயோ சார், நாலுல ஏறினது அவருதான் சார்! நான்தான் வார் பூட்டினேன்!" என்றேன். ஸ்டார்ட்டர், ஸ்பேனர், இருக்கையின் கடைசிப் பல், இரண்டு விரல், எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தது. கேப்டன் என்னைப் பயந்துபோய்ப் பார்த்தார். "என்னய்யா பிட்டர், உடம்பு சரியில்லையா?" என்றார்.

தலைவர் பொறுமைசாலி. கோப்பிலிருந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். நாலாம் நம்பர் பதிவேட்டின் அன்றைய பக்கம். விமானி கேப்டன். கீழே மை தெளிவாக ஒரு கையெழுத்து.

"இது யாரோட கையெழுத்து?"

"என்னோடது சார்."

"யாராவது அடிச்சு வாங்கினாங்களா?"

"இல்லை சார்."

"அப்போ அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

அன்றைக்கு எழுதினது என்றேன். அவர் தட்டச்சுப் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினார், எழுத வேண்டாம் என்று. பிறகு அங்கேயே முடிவைச் சொல்லி அடிக்கச் சொன்னார். "போரிடாமல் திரும்பினார்" என்பது இனி "இளம் வயதுக்கு இயல்பான அச்சத்தால் திரும்பினார்" என்று இருக்கும். அணித் தலைவரின் பெருந்தன்மையைக் குழு பாராட்டுகிறது.

மாடிப்படியில் கேப்டன் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அவரை உதறிவிட்டுப் போக வேண்டும் போல இருந்தது. எழுபத்தொரு வயது, விழுந்துவிடுவார். தாங்கிக்கொண்டு இறங்கினேன். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்ல?"

ஆமாம் சார் என்றேன். வேறு என்ன சொல்ல? அவருக்கு நினைவுபடுத்த நான் ஒருத்தன்தான் இருந்தேன். அவர் மேடையில் கையை ஆட்டியபோதெல்லாம் கீழே உட்கார்ந்து தட்டியவனும் நான்தானே.

அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினால் அந்த அம்மா பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். காலில் விழுந்துவிடலாம் என்று போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். அழவில்லை. நான் உள்ளே கத்தியதை அவர் ஒரு சொல் விடாமல் நம்பியிருந்தார். அந்த அறையில் என்னை நம்பியது அவர் ஒருத்தர்தான்.

"ரெண்டு விரலைக் காட்டினாருன்னு சொன்னீங்களே, சிரிச்சாராண்ணே?"

"லேசாம்மா."

பேருந்து தூரத்தில் திரும்பியது. பலகையைக் காட்டினார்.

"இந்தப் பதினேழாம் நம்பர் உங்க பள்ளிக்கூடத்து வாசல்ல நிக்குதுண்ணே. அங்க ஏறினா எங்க தெரு எட்டாவது நிறுத்தம். மாறி ஏறக்கூட வேண்டாம். ஆபீஸுக்கு வேண்டாம், கோர்ட்டுக்கு வேண்டாம். ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து எங்க அம்மா காதுல மட்டும் சொல்லியிருக்கலாமே. அம்மா போய் ஆறு வருஷம்தான் ஆச்சு."

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்.